சரோஜா அக்காவின் தலைகீழ் டேப்லெட்டுகள்

பிரிக்ஃபீல்ட்ஸ் கணினிக் கடையில் இப்போது என் நாற்காலியில் மாறி மாறி உட்காரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த நாற்காலியின் இடது கை ஆடும், அதில் சாயாதீர்கள். இரண்டாவது இழுப்பறையில் திருப்புளிகள் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கும். அந்த வரிசையை யாராவது கலைத்தால் செராஸில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள்.

டேப்லெட்டில் சிஸ்டம் ஏற்றுவது எப்படி, அதற்கு வேண்டிய டிரைவரை எங்கே தேடுவது என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாவிட்டால் ஒரு காணொளி பார்த்தால் போதும். காணொளியில் வராத சங்கதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று உங்கள் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். கருவி பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். அந்த நேரத்தில் கை என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக, எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அது. இதைச் சொல்ல எனக்குச் சரோஜா அக்காவின் ஒரு மதியச் சாப்பாடு போதும். அதை நினைத்தாலே இன்றும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் சாதாரணமாகச் சிரிக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

சரோஜா அக்கா பண்டமாரானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். துறைமுகத்து ஆட்களும் லோரி ஓட்டுநர்களும்தான் அவருடைய கூட்டம். அங்கே ஆர்டர் எழுதும் வழக்கமே கிடையாது, எல்லாம் கத்தல்தான். மேசையிலிருந்து பரிமாறும் பெண் கத்துவாள், அடுப்படியிலிருந்து அக்காவின் தம்பி மணியம் பதிலுக்குக் கத்துவார். மணியத்தின் குரலைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். அவர் "கோழி ரெண்டு!" என்றால், வெளியே லோரிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் மனிதர் எழுந்து, தன்னுடைய கோழிதான் வந்துவிட்டதோ என்று இறங்கி வருவார்.

கடை நின்ற இடத்தை அதன் சொந்தக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். வேறு இடத்து வாடகை கட்டுப்படியாகவில்லை. அந்தச் சமயத்தில் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை தன் கண்டீனை நடத்த ஆள் தேடியது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டைச் சோதனையாகப் போட்டுக் காட்ட வேண்டும், நிர்வாகத்தார் வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: மேல்மாடியில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், அதனால் சத்தம் கூடாது. யாரும் கத்தக் கூடாது.

மணியத்தை வைத்துக்கொண்டு!

அதனால்தான் அக்கா எங்கள் கடைக்கு ஆறு டேப்லெட்டுகளோடு வந்தார். ஐந்து சாப்பாட்டு மேசைகளுக்கு. வந்தவர்களே படம் பார்த்து வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். ஆறாவது அடுப்படிச் சுவருக்கு. ஆனால் அடுப்படி ஆவியில் மணியத்தின் மூக்குக் கண்ணாடி எப்போதும் பனி படிந்துபோயிருக்கும். திரையைப் படிக்க முடியாது. ஆகவே அந்த டேப்லெட் ஆர்டரைத் தமிழில் வாசித்து, காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக அவருக்குச் சொல்ல வேண்டும். அக்காவின் ஆர்டர் செயலிக்குப் பொருந்திய தமிழ்க் குரல் அப்போது சிஸ்டத்தின் முன்னோட்டப் பதிப்பில் மட்டும்தான் இருந்தது.

"அக்கா, இது முன்னோட்டப் பதிப்பு. இன்னும் முழுசா வேகல" என்றேன்.

"வேகாததை எதுக்குத் தர்றான்?"

"ருசி பார்க்க. நாம சொல்ற குறையை வச்சு அவன் திருத்துவான்."

"அப்ப நாம உப்புப் பாக்குற ஆளு."

"அதேதான்."

"நல்லா உப்புப் பாப்பேன்லா நான்" என்று சொல்லி ஆறையும் மேசையில் வைத்தார்.

அவை பெயர் தெரியாத ஏதோ ஒரு தயாரிப்பு. தொடுதிரை சொல்வதைச் சிஸ்டத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். இந்தத் திரைக்கு உரிய டிரைவர் முன்னோட்டப் பதிப்போடு வரவில்லை. தேடிப் பிடித்துக் கையால் ஏற்றினேன். பிறகு ஒவ்வொரு டேப்லெட்டிலும் நான்கு மூலைகளையும் நடுவையும் தொட்டுப் பார்த்தேன். என் வழக்கம் அது. இப்போது உங்கள் வழக்கமும் அதுதான். எல்லாம் சரி. கொடுக்கும்போது சொன்னேன்: "அக்கா, புதுப்பிக்கவான்னு அது கேக்கும். 'பிறகு'ங்கிறதைத் தொடுங்க. எப்பவும் 'பிறகு'தான்."

அக்கா பலமாகத் தலையாட்டினார். அவருடைய கண் எதிர்ச் சாரியில் மல்லிகைச் சரம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மீது இருந்தது.

சோதனை நாள் காலை, நான் கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் போன் வந்தது.

"தங்கச்சி, சோறு அமுக்குனா பில்லு வருது."

"என்னக்கா வருது?"

"பில்லுமா, பில்லு! இன்னும் இலையே போடல, அதுக்குள்ள காசு கேக்குது. பாயசம் அமுக்குனா நண்டு வருது. மணியம் காதுல அந்தப் பொம்பள நண்டு, நண்டு, நண்டுன்னு ஓதிக்கிட்டே இருக்கா. அவன் வெறுத்துப்போய் மெஷினை மொறைச்சுக்கிட்டு நிக்கிறான்."

"காலையில எதையாவது அமுக்குனீங்களா?"

மறுமுனையில் கரண்டி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா?"

"புதுசு ரெடின்னு அதுவே சொல்லிச்சும்மா."

"நான் 'பிறகு'ன்னு சொன்னேனே!"

"நேத்து வச்ச சாம்பாரை நான் இன்னிக்கு யாருக்காச்சும் ஊத்தியிருக்கேனா? பெரிய ஆளுங்க வர்ற நாளு. பழசைப் போட்டுக் குடுத்தா என்ன நெனைப்பாங்க? எல்லாத்தையும் ஃப்ரெஷ் பண்ணிட்டேன்."

"ஆறையுமா?"

"ஒண்ணை மட்டும் பண்ணா நல்லா இருக்குமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அக்காவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நானும் சிரித்தேன், பிறகு. ஆனால் வாழ்நாள் முழுக்க மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைத்த ஒருவருக்கு, "புதியது தயார்" என்று திரை சொன்னால் கை எங்கே போகும்? நான் 'பிறகு' என்று சொன்னேனே தவிர, ஏன் என்று அவருடைய பாஷையில் சொல்லவில்லை. உறை ஊற்றிய பாலைக் கிண்டாதீர்கள் என்பதுபோல் ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் எந்தத் தொழில் செய்கிறாரோ, அந்தத் தொழிலில் இருந்தே எச்சரிக்கையை எடுத்துச் சொல்லுங்கள்.

டிரைவர் இருந்த பென்டிரைவ், மவுஸ், திருப்புளிப் பை மூன்றையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். பெடரல் ஹைவே அன்று என்னை மட்டும் சோதிப்பதற்காகவே நகராமல் நின்றது. கண்டீனுக்குள் நுழைந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமும் கொஞ்சமும் இருந்தது. ரசத்தின் வாசனை அற்புதமாக இருந்தது. மற்றபடி ஒன்றும் சரியாக இல்லை.

பரிமாறுவதற்கு வந்திருந்த தேவி என்னைப் பார்த்ததும், "ஆன்டி வந்துட்டாங்க!" என்றாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயதுகூட வித்தியாசம் இருக்காது. அதைப் பேச அது நேரம் இல்லை.

என்னுடைய முதல் மேலாளர் ஒரு விநோதமான மனிதர். எங்காவது கருவி கெட்டுப்போய் எல்லாரும் பதறினால், அவர் போய் முன்னால் நின்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையனைப்போல் இருக்கும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனால் கை பின்னால் இருக்கும்போது கண் மட்டும்தான் வேலை செய்ய முடியும் என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார். நானும் அன்று கண்டீன் நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, ஆன்டி சாமி கும்பிடுறாங்களா?" என்று தேவி மெதுவாகக் கேட்டாள்.

"சும்மா இரு. யோசிக்குது" என்றார் அக்கா.

பிறகு தேவியை மூலை மூலையாகத் தொடச் சொன்னேன். மேலே இடது மூலையில் சோறு. தொட்டால் கீழே வலது மூலையின் பில் திறந்தது. கீழே இடது மூலையில் பாயசம்; தொட்டால் மேலே வலது மூலையின் நண்டு. நடு மட்டும் நடுவாகவே இருந்தது. ஆகத் தொடுதல் முழுவதும் தலைகீழாகிவிட்டது. புதிய பதிப்பு ஏறும்போது நான் தேடி ஏற்றிய டிரைவரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னுடைய பொது டிரைவர் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்தத் திரையின் தலை எது, கால் எது என்று தெரியவில்லை.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் கிடைக்கவில்லை. பென்டிரைவிலிருந்து பழைய டிரைவரை ஏற்றப் பார்த்தேன். புதிய பதிப்பு அதைச் சீண்டக்கூட இல்லை. மவுஸைச் செருகினேன், வேலை செய்தது. ஆனால் என்னிடம் ஒரே ஒரு மவுஸ்.

"கடையில போய் இன்னும் அஞ்சு வாங்கிட்டு வந்துரவா?" என்றார் அக்கா.

"ஆஸ்பத்திரி கண்டீன்ல மேசைக்கு மேசை எலியாக்கா?" என்றாள் தேவி. "நல்லா இருக்கும். ஹெல்த் இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டு ஒரு இலை போட்டுருவோம்."

எல்லாவற்றையும் முந்தைய பதிப்புக்குத் திருப்பலாம். அதற்கு வழி இருக்கிறது, ஆனால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதியில் நின்றால் ஆறும் போய்விடும். அதனால் மேசை டேப்லெட்டில் ஒன்றை மட்டும் திருப்பக் கொடுத்தேன். அவசரத்தில் எல்லா உருப்படியையும் ஒரே பரிசோதனையில் போடாதீர்கள். ஒன்றைப் பலி கொடுங்கள், மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மணியம் அடுப்படி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். காதில் இன்னும் அந்தக் குரல். "தங்கச்சி, இதுவரைக்கும் பதினாறு நண்டு கேட்டுருச்சு. நான் நாலுதான் வாங்கியிருக்கேன்."

"அது பொய் ஆர்டர் அண்ணே."

"பொய்யோ நெசமோ, கேக்கக் கேக்கக் கை தானா நண்டுப் பக்கம் போகுதுலா!"

"டேய், கத்தாதே!" என்று அக்கா கத்தினார். மேல்மாடியிலிருந்து ஒரு தாதி எட்டிப் பார்த்தார். எல்லாரும் அவருக்கு வணக்கம் வைத்தோம்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "பண்டமாரான்ல மாசக் கடைசியோட சாவியைக் குடுக்கணும்மா" என்றார். "இது போச்சுன்னா மணியம் ஹோட்டல் ஹோட்டலா வேலை கேட்டு அலையணும். தேவிக்கு ரெண்டு பிள்ளைங்க. நானு..." கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்தியே!" என்று அதைப் பிடித்து இரண்டு கையாலும் ஒரு குலுக்குக் குலுக்கினார். குலுக்கிய வேகத்தில் அது கையில் தலைகீழாகத் திரும்பியது. டேப்லெட்தானே, எந்தப் பக்கம் பிடித்தாலும் படம் நிமிர்ந்து கொள்ளும். படம் நிமிர்ந்தது. அக்கா ஆத்திரத்தோடு 'சோறு' என்ற படத்தின் மேல் கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்தினார்.

அடுப்படியிலிருந்து மணியத்தின் குரல் வந்தது, சந்தேகத்தோடு: "சோறு ஒண்ணு?"

எல்லாரும் அடுப்படிப் பக்கம் திரும்பினோம்.

"அக்கா" என்றேன். "அசையாதீங்க."

"என்னம்மா?"

"அசையாதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க. இப்ப பாயசத்தைத் தொடுங்க."

தொட்டார். "பாயசம் ஒண்ணு!" என்றார் மணியம். "பாயசம்தான்! நண்டு இல்ல! அக்கா, பாயசம்!"

நடந்தது இதுதான். டேப்லெட்டைத் திருப்பினால் படம் திரும்புகிறது. ஆனால் அந்தப் பொது டிரைவருக்குத் தொடுதலையும் சேர்த்துத் திருப்பத் தெரியவில்லை. தொடுதல் ஏற்கெனவே தலைகீழ். இப்போது படமும் தலைகீழாகி அதோடு வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நேராக நின்றன. நேராகப் பிடித்தால் பைத்தியம். தலைகீழாகப் பிடித்தால் தங்கம்.

தேவி ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள, படம் இனிமேல் திரும்பாதபடி நான் பூட்டினேன். அவள் பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். "ஆன்டி, தும்மல் வருது" என்றாள். "தும்மாதே" என்றேன். பாவம், தும்மவே இல்லை.

அடுப்படி டேப்லெட்தான் சிரமம். முடிந்த ஆர்டரை அதிலும் தொட்டுத்தான் நீக்க வேண்டும். அதைச் சுவரில் சட்டம் போட்டுத் திருகியிருந்தார்கள். அது எந்த அளவுத் திருகு என்று பார்த்ததுமே தெரிந்தது. பையில் அந்தத் திருப்புளி எந்த இடத்தில் இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. கை போனது, எடுத்தது. வரிசையை ஏன் கலைக்கக் கூடாது என்று இப்போது புரிகிறதா? சட்டத்தோடு தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். சார்ஜ் வயர் மேலிருந்து தொங்கியது. மணியம் அதன் மேல் வழியும்படி ஒரு கருவேப்பிலைக் கொத்தைச் செருகினார். அழகுக்காம்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான இடம். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சிஸ்டத்தின் அடியில் ஓர் அமைப்பு உண்டு. அதை மாற்றினால் தொடுதல் முறைப்படி நேராகிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். என் விரல்கள் துடித்தன. நான் யார்? வயர்களை நீளவாரியாகச் சுருட்டி வைக்கிறவள். தயாரிப்பின் பெயர் கீழே தலைகீழாகவும், கேமரா கண் அதன் பக்கத்திலும் இருக்கும் நான்கு டேப்லெட்டுகள் நான்கு மேசையில் என் கண்ணெதிரே நிற்கின்றன. சுவரில் ஐந்தாவது, கருவேப்பிலையோடு! பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

ஆனால் அணைத்துப் போட்டால் அது என்னவாக எழுந்து வரும் என்று முன்னோட்டப் பதிப்பில் யாருக்கும் தெரியாது. இன்னொரு புதுப்பிப்பை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வட்டம் சுற்றும் அந்தப் பலி டேப்லெட்டைப் பார்த்தேன். இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நான் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டேன். அசிங்கமாக ஓடுவது, அழகாக நிற்பதைவிட மேல். குறைந்தது சாப்பாடு முடியும்வரை.

நிர்வாகத்தார் மூன்று பேர் வந்தார்கள். தலைமை வகித்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி; எல்லாரும் அவரை மரியாதையாகப் புவான் என்றே அழைத்தார்கள். மற்ற மேசைகளில் மருத்துவமனை ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். புவான் டேப்லெட்டைக் கையில் எடுத்தார். தலையைச் சாய்த்துக் கீழே இருந்த பெயரைப் பார்த்தார்.

"கெனாப்பா தெர்பாலிக்?" என்றார். ஏன் தலைகீழாக இருக்கிறது?

நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். வயர் மேலே இருந்தால் சாம்பார் படாது என்றெல்லாம் மிக நேர்த்தியான பதில். வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"தெர்பாலிக் தாப்பி ஜாலான், புவான்!" தலைகீழ்தான், ஆனால் ஓடும்!

புவான் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு சோற்றின் படத்தைத் தொட்டார்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தை நான் என்ன சொல்ல! ஆர்டர்கள் சத்தமில்லாமல் போயின. இலைகள் சத்தமில்லாமல் நிறைந்தன. அடுப்படி ஜன்னலில் மணியம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, காதில் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். பதில் கத்த முடியாததால் அந்தச் சக்தியெல்லாம் கையில் இறங்கிவிட்டது. பரோட்டா மாவு வீசுகிறவர் போல அப்பளத்தை எண்ணெயில் வீசினார். ஒரு நண்டு ஆர்டர், நிஜமான நண்டு ஆர்டர், வந்தபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ரசத்தை மறுமுறை கேட்டவர்கள் பாதிப் பேர். ஓர் இளம் டாக்டர் இலையை மடிக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். தேவி என் பக்கமாகப் போகும்போதெல்லாம் உதட்டை அசைக்காமல், "ஆன்டி, ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

பாயசம் வந்தது. புவான் கடைசியாக இன்னொன்றைத் தொடலாமா என்று டேப்லெட்டை எடுத்தார். அப்போது திரையில் பளிச்சென்று ஒன்று வந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே அதன் நிறம் தெரிந்தது. புதிய பதிப்பு தயார். இப்போது புதுப்பிக்கவா? பிறகு?

"ஏ, அப்டேட் வந்திருக்கே" என்றார் புவான் மலாயில், உதவி செய்கிற நல்ல மனதோடு. விரலை நீட்டினார். "நான் அமுக்கிடவா?"

அடுப்படி ஜன்னலிலிருந்து, மதியம் முழுக்க அடக்கி வைத்திருந்த அத்தனை குரலும் சேர்ந்து ஒரே சொல்லாக வெளியே வந்தது.

"ஜாங்ஙாஆஆஆன்!"

வேண்டாம் என்றால் அப்படி ஒரு வேண்டாம். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. எங்கோ ஒரு தட்டு விழுந்தது. மேல்மாடியில் யாரோ மணி அடித்துத் தாதியைக் கூப்பிட்டார்கள். இளம் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார், யாருக்கோ மாரடைப்பு என்று.

புவானின் விரல் அந்தரத்தில் நின்றது.

மணியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தேவி தண்ணீர்ச் செம்போடு சிலையானாள். கத்தக் கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அது போய்விட்டது.

அக்கா நிதானமாக நடந்து போனார். புவானின் பக்கத்தில் குனிந்து, தன் விரலால் 'பிறகு' என்பதைத் தொட்டார். "நாந்தி, புவான்" என்றார்; மலாயிலும் அதே 'பிறகு'தான். பிறகு நிமிர்ந்து, மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்து, காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். புதியது தயார் என்று அது சொன்னது, நேற்றைய சாம்பாரை நான் யாருக்கும் போட்டதில்லை, உங்களுக்காகத்தான் ஆறையும் புதிதாக்கினேன், எல்லாம் கவிழ்ந்துபோனது, அதனால்தான் தெர்பாலிக். என் தம்பி இன்று ஒரே ஒருமுறைதான் கத்தினான். அதுவும் உங்கள் பாயசத்தைக் காப்பாற்ற.

புவானின் உதடு துடித்தது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று பயந்துவிட்டேன். பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். மணியத்தின் குரலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவர் சிரித்ததும் அவரோடு வந்த இரண்டு பேரும், பிறகு மேசை மேசையாக எல்லாரும் சிரித்தார்கள். மேல்மாடித் தாதி மறுபடி எட்டிப் பார்த்தார். இந்தமுறை புவானே அவருக்கு வணக்கம் வைத்தார்.

"நேற்றைய சாம்பாரை நிஜமாகவே போட்டதில்லையா?" என்று போகும்போது அக்காவிடம் கேட்டார்.

"கொட்டிடுவேன் புவான்."

"சரி" என்றார் புவான். அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாரும் போனபிறகு நாங்கள் நான்கு பேரும் இலை போட்டு உட்கார்ந்தோம். பொய் ஆர்டருக்குத் தப்பிய நண்டுகளை மணியம் எங்களுக்கு வைத்தார். அப்போதுதான் நான் பலி கொடுத்த அந்த டேப்லெட், சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில், வட்டம் சுற்றுவதை நிறுத்திவிட்டு முறைப்படி நேராக, மிகப் பெருமையோடு எழுந்து வந்தது. தேவி அதைப் பார்த்து, "வா ராஜா, வா. கல்யாணம் முடிஞ்சு போச்சு" என்றாள்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: தலைகீழ், ஓடுகிறது, தொடவில்லை. என் நாட்குறிப்பில் இவ்வளவு சின்னப் பதிவு வேறு கிடையாது.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். "தங்கச்சி" என்றார். பின்னால் மணியம் யாரிடமோ "கண்டீன் கெடைச்சிருச்சு!" என்று சொல்வது கேட்டது. யாரிடமோ என்ன, பண்டமாரான் முழுவதற்கும் சொன்னார். மருத்துவமனை இன்னொரு நிபந்தனையும் சேர்த்திருந்ததாம்: சமையல் நடக்கும் நேரத்தில் யாரும் எதையும் புதுப்பிக்கக் கூடாது.

பிற்பாடு அந்தத் திரைக்குச் சரியான டிரைவர் வந்தது. ஒரு மழை நாளில் பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன், எல்லாவற்றையும் நேராக்கி என் அரிப்பைத் தீர்த்துக்கொள்ள. முதல் டேப்லெட்டை நேராக்கி மேசையில் வைத்ததும் தேவி ஓடி வந்தாள். பழகிய விரல் பெயரைக் கீழேயும் வயரை மேலேயும் தேடுகிறது என்றாள். மணியம் கருவேப்பிலை எங்கே செருகுவது என்று கேட்டார். அக்கா அடுப்படிக்குள் போனார். ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மோரைக் குடித்தேன். நேராக்கிய ஒன்றையும் பழையபடி தலைகீழாக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். செராஸ் வரும்வரை உடம்பு அரித்தது.

நேற்று தேவி கூப்பிட்டாள். கண்டீனுக்குப் புதிதாக ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறார்களாம், நல்ல தயாரிப்பு. உங்களில் யாரோ ஒருவர்தான் சிஸ்டம் ஏற்றி, டிரைவரெல்லாம் பார்த்து, நான்கு மூலையும் நடுவும் தொட்டு, ஒரு குறையும் இல்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பென்டிரைவெல்லாம் வேண்டாம், திருப்புளிப் பை மட்டும் போதும்.

"ஆன்டி, என்ன ஆளுங்களை வச்சிருக்கீங்க?" என்கிறாள். "புதுசு தலைகீழா வந்திருக்கு!"